மூணாவது வருசத்துப் பாடம்

முடிஞ்சுதுங்கிறீங்க. சரிதான். நோட்ட மூடி அக்குள்ல வெச்சுட்டீங்க, அப்ப முடிஞ்சுதான் இருக்கும். இருந்தாலும் ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க தோழர். மன்னார்குடி பஸ்ஸு நாலேகாலுக்குத்தான், நா கேட்டுட்டு வந்துட்டேன். ஆஸ்பத்திரி வாசல் டீ வெறும் சுடுதண்ணிதான், ஆனா சூடு இருக்கும். இப்புடித் தூண் ஓரமா ஒக்காருங்க, வெயில் படாது. நா நின்னுக்கிறேன். அட, மரியாதையெல்லாம் இல்லீங்க. நாலு நாளா ஒக்கார முடியல, அவ்வளவுதான்.

அவ சொன்னத வரிக்கு வரி எழுதிக்கிட்டீங்களா? ராசம்மா, அரசப்பன் பொண்டாட்டி, வயசு நாப்பது. பண்ண ஆளு தடிய ஓங்குனான், நாந்தான் பயந்து போயி எம்புருசன் வேட்டியப் புடிச்சுப் பின்னால இழுத்தேன், அதனாலதான் அவரு வெலகுனாரு, அடி எம்மேல விழுந்துடுச்சு. அப்புடித்தான சொன்னா? ம். நேத்து நர்ஸம்மாகிட்டயும் அதேதான் சொன்னா. முந்தாநாள் எங்க தெருச் சனம் வந்து பாத்தப்பவும் அதேதான். ஒரு வார்த்த கூடல, கொறையல.

நிம்மதியா இருக்கான்னு கேக்கிறீங்க. இருக்கணும் இல்லையா? ஊர்ல என்ன பேச்சு ஓடுச்சுன்னு நீங்க கேட்டிருப்பீங்க. கூலி கேட்டு வரப்புல ஏழு பேரு நின்னோம், ஆறு பேருக்குக் காயம், மொத ஆளா நின்ன அரசப்பனுக்கு மட்டும் ஒரு கீறல் இல்ல. பண்ணையாரு பஞ்சநதத்தோட முன்னாடியே பேசி வெச்சுட்டான், அதான் சொல்லிவெச்சாப்ல ஒதுங்கி வழி விட்டான்னு பேச்சு. எங்க அண்ணன் மவன் ரெத்தினம், நா தோள்ல தூக்கி வளத்த பய, என்னக் கண்டதும் சைக்கிள வேற தெருவுல திருப்பிக்கிட்டுப் போனான். இப்ப அந்தப் பேச்செல்லாம் போச்சு. நீங்க நாளைக்கு இத சங்கத்துல படிப்பீங்க, எல்லாரும் தலைய ஆட்டுவாங்க, நா பழையபடி கூட்டத்துல போயி ஒக்காரலாம்.

அவளுக்கு? அவளுக்கு என்னன்னு கேட்டா என்ன சொல்றது? பொம்பளைங்க பக்கத்துக்கு அவதான தலைவி. நம்ம ஊர்ல மாதர் சங்கம்னு ஒண்ணு வந்ததே அவளாலதான். இனிமே போராட்டத்துல பொம்பளைங்கள முன் வரிசையில விட வேணாம்னு தீர்மானம் வருதுன்னு நீங்களே இப்பத்தான் சொன்னீங்க. பயந்துபோயி காரியத்தக் கெடுத்துட்டாங்கன்னு. சொன்னீங்களா இல்லையா? சரி, கோவிச்சுக்காதீங்க. டீ ஆறுது, குடிங்க.

நா ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டுப் போங்க. கூத்தாநல்லூர் யூசுப் பாயத் தெரியுமா ஒங்களுக்கு? முகம்மது யூசுப். ஆத்தங்கரைப் பக்கம் சின்னதா ஒரு தென்னந்தோப்பு வெச்சிருக்காரு. நேத்துகூட வந்திருந்தாரு, சாயங்காலமா, ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கிட்டு. ராசம்மாளப் பாத்துட்டு வெளிய வந்து, இதோ நீங்க ஒக்காந்திருக்கிற எடத்துல ஒக்காந்து அழுதாரு. ஏன் அழுதாருன்னு சொன்னா ஒங்களுக்கு இது வெளங்கும்.

அந்த ஊர்ல பாதிப் பேரு சபுராளிங்கதான, கப்பலேறிப் போயி சம்பாதிக்கிறவங்க. பாயும் இருவது வருசம் மலேயாவுல இருந்தவரு. ஈப்போன்னு ஊராம். மளிகக்கடையில வேல. அங்க கலவரம் வந்துச்சே, அதுக்கப்புறம் பர்மிட் இல்லாதவன்லாம் கெளம்புன்னுட்டான். மூணு வருசத்துக்கு முந்தி வந்து எறங்குனாரு. மத்தவங்க சென்ட்டு, ரேடியோன்னு கொண்டு வருவாங்க. இவரு ஒரு பெட்டி, ஒரு கொடை, அப்புறம் அந்தப் பழக்கம், அவ்வளவுதான் கொண்டு வந்தாரு.

பழக்கம்னா வேற இல்ல. சீனன் பழக்கம். கடைக்குப் பக்கத்துல ஒரு சீனர் மருந்துக்கடை வெச்சிருந்தாராம். காலையில கடை தொறக்கிறதுக்கு முந்தி மைதானத்துல நின்னு மெதுவா மெதுவா கையக் கால அசைப்பாராம். பாயும் போயி பக்கத்துல நின்னுக்கிட்டாரு. பேரு தாய்க்கெக்குன்னு சொன்னாரு. ராசம்மா வாயில அது தாயக்கட்டையாப் போச்சு. என்னய்யா, தாயக்கட்ட ஆடப் போவலையான்னுதான் கேப்பா.

நா எப்புடி அதுல போயி மாட்டுனேன்னா, இடுப்புதான். அந்த வருசம் தாளடி அறுப்பு முடிஞ்சு கட்டு சொமந்தப்ப ஒரு நாள் இடுப்பு புடிச்சுக்கிச்சு. நிமுந்தா குனிய முடியாது, குனிஞ்சா நிமுர முடியாது. தைலம் தேச்சாச்சு, ஊசி போட்டாச்சு, மந்திரிச்சாச்சு. பாய் வீட்டு மாட்டுக்கு வைக்கோல் போடுறது நாந்தான். வண்டியிலேருந்து எறங்க முடியாம நா பட்ட பாட்டப் பாத்துட்டு, அரசப்பா இங்க வந்து சும்மா நில்லுன்னாரு. சும்மாத்தான. நின்னேன். முட்டிய லேசா மடக்கு, தோளத் தொங்க விடு, உச்சந்தலைய யாரோ மேலேருந்து நூல் கட்டிப் புடிச்சிருக்கான்னு நெனச்சுக்க. பத்து நிமிசம் நின்னா தொடை ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. நாள் பூரா நாத்துக்கட்டு தூக்குறவன் நானு, சும்மா நிக்க முடியலங்க. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

ஒரு மாசம் வெறும் நிக்கிறதுதான். இடுப்பு விட்டுச்சு. அப்பவே வந்த வேல முடிஞ்சுதுன்னு நா போயிருக்கலாம். போவலையே.

அப்புறம் நடக்கச் சொல்லிக் குடுத்தாரு. சிரிக்காதீங்க. நடக்கத்தான். நெறஞ்ச கால், காலிக் கால்னு சொல்லுவாரு. ஒரு கால்ல மொத்த எடையும் எறங்கணும், அது நெறஞ்ச கால். மத்தது காலி, அத எங்க வேணும்னாலும் தூக்கி வெக்கலாம். ரெண்டு கால்லயும் பாதிப் பாதி எடைய வெச்சுக்கிட்டு நிக்கிறவன ஒரு புள்ள தள்ளுனாலும் விழுவான். இதச் சொல்லிட்டு நா நடக்கிறதப் பாத்தாரு. பாத்துட்டு, ஒனக்கு யாருய்யா சொல்லிக் குடுத்தான்னாரு. எனக்கு யாரு சொல்லிக் குடுப்பா? முழங்கால் சேத்துல பொறந்ததுலேருந்து நடக்கிறேன். சேத்துல ஒரு காலப் புடுங்கணும்னா மத்த கால்ல முழுசா எறங்கித்தான் ஆவணும். அவசரப்பட்டா குப்புற விழுவணும். பாய் கையத் தட்டிச் சிரிச்சாரு. சீனரு எனக்கு இத ஒரு வருசம் சொல்லிக் குடுத்தாரு அரசப்பா, பஞ்சநதம் ஒனக்குச் சும்மாவே சொல்லிக் குடுத்துட்டாருன்னாரு.

பெருமையா இருந்துச்சு தோழர். பொய் சொல்லல. வயசு நாப்பத்தஞ்சு வரைக்கும் எங்கிட்ட யாரும் ஒனக்கு இது தெரியுதேன்னு சொன்னதில்ல. பண்ணையில வேல சரியில்லன்னா திட்டுவாங்க, சரியா இருந்தா பேசாம இருப்பாங்க. இவரு என் நடைய நிறுத்தி வெச்சுப் பாத்தாரு. பாயும் எனக்குச் சமவயசுதான், ஒரு ஆளு இன்னொரு ஆள அப்புடிப் பாத்தா அத விட்டுட்டு வர முடியுமா?

தெருவுல ஒரே கிண்டல். அரசப்பன் காத்துக்கு எண்ண தடவுறான்னாங்க. தூக்கத்துல எந்திரிச்சு நடக்கிறான்னாங்க. நா பாட்டுக்கு செஞ்சேன். காலையில வேலைக்குப் போறதுக்கு முந்தி கொல்லையில, வாரத்துக்கு ஒரு தடவ பாய் தோப்புல.

இது சண்ட வித்தையான்னா, ஆமாங்கலாம், இல்லைங்கலாம். இதோட சாரம் ஒண்ணே ஒண்ணுதான். எதுக்காத. ஒருத்தன் தள்ளுனா நீ திருப்பித் தள்ளாத. அவன் வர்றதுக்கு எடம் குடு. கையால தடுக்காத, இடுப்பத் திருப்பு, இடுப்பு திரும்புனா கை தன்னால வரும். அவன் பலம் ஒன்னத் தாண்டிப் போயிடும், நீ நின்ன எடத்துல நிப்ப. எனக்கு இது மொதல்ல புடிக்கல. எதுக்காதன்னா? நாம என்ன தோழர், சங்கத்துல வேற என்ன பேசுறோம்? எங்கப்பன் காலத்துலேருந்து எதுக்காம இருந்துதான இப்புடிக் கெடக்கோம். பாய்கிட்டயே கேட்டேன். அவரு சொன்னாரு, அரசப்பா, இது பணிஞ்சு போறது இல்ல, பணிஞ்சவன் ஒடம்பு சுருங்கிப் போவும், இதுல ஒடம்பு விரியணும். செஞ்சு பாத்தா அது நெசமாத்தான் இருந்துச்சு.

இன்னொண்ணும் கேட்டேன். அத ஏன் கேட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, தண்ணி பாச்சுறவன் புத்தி அது. பாய், ஒரு வயல்ல தண்ணி கூடிப்போச்சுன்னா மடைய வெட்டி விடுறோம். நம்ம வயல் தப்பிச்சுடும். ஆனா விட்ட தண்ணி எங்கயோ போயித்தான ஆவணும், கீழ இருக்கிறவன் நாத்து மூழ்குமே, அதப்போல நா ஒதுங்குனா அவன் பலம் எங்க போவும்? பாய் தாடியத் தடவிக்கிட்டாரு. நானும் சீனர்கிட்ட இதயேதான் கேட்டேன், அவரு சிரிச்சுட்டு, அது மூணாவது வருசத்துப் பாடம்னாரு, வாங்குனத எங்க கொண்டு போயி எறக்குறதுங்கிறது மூணாவது வருசம். ரெண்டாவது வருசம் முடியிறப்ப என்னக் கப்பல்ல ஏத்திட்டாங்க. அப்புடின்னாரு.

வெளங்குதுங்களா? அவருக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியத்தான் எனக்குக் குடுத்தாரு. மறைக்கல, சொல்லித்தான் குடுத்தாரு. நாந்தான் பெருசா எடுத்துக்கல.

இத ஒத்தையாச் செஞ்சா பாதிதான். எதிர ஒரு ஆளு வேணும். மணிக்கட்டோட மணிக்கட்ட ஒட்ட வெச்சுக்கிட்டு நிக்கணும், ஒருத்தர் தள்ளணும், மத்தவரு வாங்கணும். கண்ண மூடிக்கிட்டு. தோலால கேளுன்னு சொல்லுவாரு பாய். காதால கேக்கிறாப்ல தோலால கேக்கணும், அவன் தள்ளப் போறான்கிறது அவனுக்குத் தெரியிறதுக்கு முந்தி ஒனக்குத் தெரியணும். பாய் வாரத்துக்கு ஒரு நாள்தான். மத்த நாளு யாரு வருவா? தெரு ஆம்பளைங்கள்லாம் சிரிக்கிறானுங்க. ராசம்மாதான் வந்தா.

வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் வந்தா. பாத்திரம் தேச்ச ஈரக் கையோட வந்து நிப்பா. சீக்கிரம் ஆவட்டும்யா, நடவுக்கு நேரமாச்சும்பா. தள்ளுவா. நா வாங்கித் திருப்புவேன். முன்னால ரெண்டு எட்டு ஓடிப் போயி வேலியப் புடிச்சுக்கிட்டு நிப்பா, சிரிப்பா. அப்புறம் கோவம் வரும். என்னய்யா ஆம்பள நீ, தள்ளுனா நிக்காம மீனு மாதிரி நழுவுற, தள்ளுனா நிக்கணும்யான்னுவா. அவள நா தள்ளுனா அசையமாட்டா. அவளுக்கு இடுப்பத் திருப்புறதெல்லாம் வராது. பல்லக் கடிச்சுக்கிட்டு அப்புடியே நிப்பா. கல்யாணமாகி இருவத்திரண்டு வருசம், தோழர், அந்த மூணு வருசத்துலதான் நாங்க ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்தோம்னு வெச்சுக்குங்களேன். வேற எங்க நேரம் இருந்துச்சு?

சரி, அன்னைக்கு நடந்ததுக்கு வர்றேன். ஒங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் எம்பக்கத்துலேருந்து கேளுங்க. அறுப்புக் கூலியில அர மரக்கா நெல்லு கூடக் கேட்டோம். சர்க்காரே போட்ட சட்டம், நாங்களா உண்டாக்குனது இல்ல. பஞ்சநதம் அது மெட்ராஸ்ல செல்லும், எங்க வயல்ல செல்லாதுன்னுட்டாரு. வெளியூர்லேருந்து லாரியில ஆளு எறக்குறாருன்னு சேதி வந்துச்சு. நீங்கதான் கூட்டம் போட்டீங்க. ஒங்க வாயாலயே சொன்னீங்க, யாரும் கை நீட்டக் கூடாது, அருவா எடுக்கக் கூடாது, வாய்க்கால் தாண்டி வயலுக்குள்ள போற வரப்புல வரிசையா நிக்கணும், அடிச்சாலும் அசையக் கூடாது. அசையமாட்டோம்னு எல்லாரும் கை தூக்கிச் சொன்னோம். நானும் சொன்னேன். ராசம்மா சத்தம்தான் எல்லாத்துக்கும் மேல கேட்டுச்சு.

வரப்புல ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான் நிக்க முடியும். நா மொத ஆளு. அது நானா கேட்டு வாங்குன எடம். நிக்கிறது எனக்குத் தெரியும்கிற திமிரு. பொம்பளைங்க சார்பா ஒரு ஆளு முன்னால வேணும், நா ரெண்டாவது நிப்பேன்னு ராசம்மா ஒத்தக் கால்ல நின்னா. அவளுக்குப் பின்னால மத்த அஞ்சு பேரு.

அவ பின்னால நின்னது எனக்குத் தெரியுமாவா? தெரியாம என்ன? ஒரு மொழ தூரம். அவ மூச்சு எம்முதுகுல பட்டுச்சு. வெத்தல வாசன வந்துச்சு.

லாரி வந்துச்சு. பண்ண ஆளுங்க பத்துப் பேரு, கையில தடி. பின்னால அந்த வெளியூர்ச் சனம், அதுங்க பாவம், அருவாளத் துணியில சுத்தி வெச்சுக்கிட்டு மெரண்டு போயி நிக்குதுங்க. முன்னால வந்தவன் தடியன், புதுசா எண்ண போட்ட மூங்கித் தடி. வழி விடுன்னான். விடலன்னேன். இன்னொரு தடவ சொன்னான். அவன் தோள் ஏறுச்சு.

இந்த எடத்த மட்டும் நல்லாக் கேளுங்க. அவன் தடிய ஓங்குறதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தப் பக்கத்துலேருந்து வருது, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல எறங்கும்னு. நா யோசிக்கல. சத்தியமா யோசிக்கல. எடது கால் நெறஞ்சுச்சு. வலது காலு காலியாகி வரப்ப விட்டு வயல்ல எறங்குச்சு. இடுப்பு திரும்புச்சு. தடி என் மூக்குக்கு முன்னால காத்தோட போச்சு. மூணு வருசமா பாய் தோப்புல ஒரு தடவகூட அவ்வளவு சுத்தமா வந்ததில்லீங்க. ஒரு கண்ணு சிமிட்டுற நேரம், வந்துடுச்சேன்னு எனக்குச் சந்தோசமா இருந்துச்சு.

சந்தோசம் தோழர். அந்த வார்த்தைய யார்கிட்டயும் சொல்லல. பாய்கிட்டகூட.

அப்புறம் பின்னால ஒரு சத்தம். காய்ஞ்ச மட்ட முறியிறாப்ல. அவ கத்தக்கூட இல்ல. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்குக் கொழப்பமாத்தான் இருக்கு. மத்தவங்க ஓடி வந்தாங்க, அடி விழுந்துச்சு, எல்லாருக்கும் விழுந்துச்சு. நா வயல் சேத்துல அவள மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். என்ன யாரும் அடிக்கல. அடிங்கடான்னு கத்துனேன், அடிக்கல.

டாக்டர் சொன்னது ஒங்களுக்குச் சொன்னாளா? சொல்லியிருக்கமாட்டா. கழுத்துப்பட்ட எலும்பு ஒட்டிக்குமாம். ஆனா தோளுக்குள்ள போற நரம்பு அறுந்துபோச்சாம். வலது கை இனிமே தூக்காது. வெரல்ல ஊசி வெச்சுக் குத்திப் பாத்தாங்க, தெரியலைங்கிறா. நாத்து முடிச்ச அவுத்து நாலு வெரல்ல பிரிச்சு நடுற கை அது. எங்க ஊர்ல அவ நட்ட வரிசையப் பாத்துத்தான் மத்தவ நடுவா. அந்தக் கைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, யாரோ விட்டுட்டுப் போன சாமானப் பாக்கிறாப்ல பாத்துக்கிட்டு இருக்கா.

பாய் அழுதது இதுக்குத்தான். மூணாவது வருசத்த வாங்காம வந்த நான் மொத வருசத்த ஒனக்குக் குடுத்திருக்கக் கூடாதுன்னாரு. அவரு மேல எனக்கு வருத்தமில்ல. அந்தச் சீனர் இருந்தா கேக்கலாம், ஐயா, பின்னால ஒருத்தி நிக்கிறப்ப என்ன செய்யணும், அதுக்கு எத்தனாவது வருசம்னு. அவரு இருக்காரோ இல்லையோ. ஈப்போவுக்கு யாரு போறது?

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு, மணியப் பாக்காதீங்க. அவ்வளவுதான், முடிச்சுடுறேன். வருத்தப்படாத, ஒம்பொண்டாட்டி இழுத்ததாலதான் நீ வெலகுன, ஒம்மேல தப்பில்லங்கிறீங்க. அதையேதான் அவளும் எங்கிட்டச் சொன்னா. முந்தாநாள் சனம் எல்லாம் போனப்புறம் கேட்டேன். ஏ புள்ள, நீ எங்க என்ன இழுத்தன்னேன். இழுத்தேன்னா. எந்தக் கையாலன்னேன். வலது கையாலன்னா. எங்க புடிச்சன்னேன். வேட்டி முடிச்சுலன்னா. அப்புறம் என்னப் பாத்து, வாய மூடிக்கிட்டு இருய்யா, நா பொம்பள, நா பயந்தேன்னா எல்லாரும் நம்புவாங்க, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. நீ ஓடிப்போனவன்னு ஆச்சுன்னா ஒனக்கு அந்த ஊர்ல ஒரு பய தண்ணி குடுப்பானான்னு கேட்டுட்டு, செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. திரும்பவும் முடியல அவளால, நாந்தான் திருப்பிப் படுக்க வெச்சேன்.

ரெண்டு நாளா நானும் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். பேசுனா அவளப் பொய்க்காரின்னு சொல்றாப்ல ஆவும். பேசலன்னா அவ பயந்தவ. எதப் பண்ணாலும் அது அவ மேலதான் போயி விழுவுது. நீங்க தீர்மானம்னு சொல்லாம இருந்திருந்தா இப்பவும் பேசியிருக்கமாட்டேனோ என்னமோ, வெக்கமா இருக்கு, ஆனா அதான் நெசம்.

அவ கை எனக்குத் தெரியும் தோழர். மூணு வருசம், தெனம் காலையில. கண்ண மூடிக்கிட்டு அந்தக் கைய வாங்குனவன் நானு. வேட்டி முடிச்சுல இல்ல, காத்துல வந்திருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு அது எம்மேல படவே இல்ல. ரெண்டு கையும் பக்கத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. தடி வர்றத அவ பாத்தா, தனக்கு முன்னால ஒண்ணுமே இல்லாமப் போனதையும் பாத்தா. பாத்துட்டும் நின்னா. அந்த வரப்புல நீங்க போட்ட தீர்மானப்படி அசையாம நின்னது அவ ஒருத்திதான்.

இத எழுதிக்குங்க. அரசப்பன் தானா வெலகுனான், ராசம்மா அசையலன்னு எழுதுங்க. பொறவு நீங்க எந்தத் தீர்மானம் வேணும்னாலும் போடுங்க.

தோழர். பேனாவ ஏன் பையில சொருவுறீங்க?